நடுவட்டத்துப் பட்டையும் நரம்பு மாத்திரையும்

ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கும் பேருந்தில் நடுவட்டம் தாண்டும்போது இன்று கண்ணில் படுவது தேயிலை. 1860-களில் அந்தச் சரிவுகளில் ஏறியது சிங்கோனா. மலேரியாவுக்கான கொயினா அதன் பட்டையில்தான் இருந்தது. தென் அமெரிக்காவிலிருந்து ஆங்கிலேயரான மார்க்கம் தருவித்த அந்த மரத்தை, ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைத்த மக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். கைதிகளையும் அந்த வேலைக்கு இறக்கினார்கள்.

அன்று மலையில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் பூட்டிவைப்பதே வைத்தியம். சென்னைக் கீழ்ப்பாக்கத்து மனநோய் விடுதி வெகு தூரம். இன்று எஸ்டேட் லயத்துக்காரர்கள் மனநோய்க்கு 'நரம்பு மாத்திரை' என்று வாங்கிப் போகிறார்களே, அதற்கும் அந்தப் பட்டைக்கும் ஒரு சுற்றுவழி உறவு உண்டு.

கொயினாவைச் செயற்கையாகச் செய்யப் பார்த்த ஆங்கில வேதியியலாளர் பெர்கினுக்கு 1856-ல் கிடைத்தது ஊதாச் சாயம். சாயத் தொழில் பெருகி, 1876-ல் மெத்திலீன் நீலம் வந்தது. 1891-ல் ஜெர்மன் மருத்துவர் எர்லிக் அந்த நீலத்தையே மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் மூலக்கூறுச் சட்டகத்தின் பெயர் ஃபீனோதயசின். அந்தச் சட்டகத்தில் பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1950-ல் கட்டியதுதான் குளோர்புரோமசின். 1952-ல் பாரிஸில் மனநல மருத்துவர்கள் டிலேயும் டெனிக்கரும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தபோது கூச்சல் அடங்கியது. ஏன் அடங்கியது என்று அவர்களுக்கே தெரியாது.

விடைக்கு வழி காட்டியவர் ஸ்வீடனின் மருந்தியலாளர் கார்ல்சன், 1963-ல். ஒரு நரம்புச் செல் விடும் டோபமின் என்னும் வேதிப்பொருளை அடுத்த செல்லின் டி2 ஏற்பி வாங்குகிறது. மருந்து அந்த ஏற்பியில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஏற்பிகள் அடைபட்டால் காதில் கேட்கும் குரல்கள் தணியும். ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டினால் கை நடுங்கும், உடம்பு விறைக்கும். “மாத்திரை போட்டா ஆளு மரமா ஆயிடறான்” என்று வீட்டார் புலம்புவதை அறியாமை என்று தள்ளக் கூடாது. அசைவை ஆளும் மூளைப் பகுதியிலும் இருப்பது அதே ஏற்பிதான்.

மனச்சோர்வு மாத்திரையின் சங்கடம் வேறு. ஃபுளுவாக்செடின் சில மணி நேரத்திலேயே செரடோனின் என்னும் இன்னொரு நரம்பு வேதிப்பொருள் செல்லுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்துவிடுகிறது. மனம் தெளியவோ வாரங்கள் ஆகும். பெருகிய செரடோனினைக் கண்டதும் செல் தன் தடுப்பு ஏற்பிகளால் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அவை மெல்லத் தளர்ந்த பிறகே பலன் தெரிகிறது என்பது பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். “பத்து நாள் போட்டேன், ஒண்ணும் கேக்கல” என்று நிறுத்துபவர்கள் அந்த இடைவெளியில்தான் நழுவுகிறார்கள். எழுதித் தரும்போதே இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

தேயிலை நாட்டுக்கு உரிய சிக்கலும் ஒன்று உண்டு. குளோசபின் என்னும் மனநோய் மருந்தையும் தேநீரின் காஃபினையும் கல்லீரலில் கரைப்பது ஒரே நொதி. நாள் முழுக்கக் கடுந்தேநீர் குடித்தால் மருந்து ரத்தத்தில் தேங்கும். பீடிப் புகை அதே நொதியைப் பெருக்கி மருந்தை விரைவில் கரைத்துவிடும். அதனால் பீடியை விடப்போகிறேன் என்று வருபவருக்கு டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.