பழிக்கு விடை பணி

நம்மைத் தவறாக எண்ணுவோரிடையே விசுவாசத்தில் நிலைத்திருப்பது எங்ஙனம்? கண்டி மாநகரின் வரலாறு இதற்கு விடை பகர்கின்றது.

1692ஆம் ஆண்டு, கோவாவிற் பிறந்த யோசேவாஸ் அடிகள் கண்டியை அடைந்தார். கிறிஸ்தவரான ஒரு பிரெஞ்சுக்காரரே அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் எனப் பழித்துரைத்தார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அடிகளைச் சிறையிலிட்டான். அங்கும் அவர் செபத்தைக் கைவிட்டாரில்லை. சிங்கள மொழியையும் பயின்றார். காலப்போக்கில், ஐயுற்ற மன்னனே அவருக்குக் காவலனானான்.

1697இல் கண்டியிற் பெரியம்மை பரவியது. உற்றாரே நோயாளரைக் கைவிட்டனர். அடிகளோ, சமயம் பாராது அவர்களைப் பேணினார், இறந்தோரை அடக்கஞ்செய்தார். 1711இல் கண்டியிலேயே உயிர்நீத்த அவரை, 2015இல் திருச்சபை புனிதராக அறிவித்தது.

உறவு கசக்கும்போது, நம்மை நோகச் செய்தோரைச் சொல்லால் வெல்ல முயலவேண்டா. அவர்களுக்கும் நம் கை உதவுமாயின், அதுவே அசையாத விசுவாசம்.