நீலமலையின் ஆறு குடிகள்

ஊட்டி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ரோஜாத் தோட்டம், படகுச் சவாரி, வர்க்கி, திரும்பும்போது மறக்காமல் ஒரு பாட்டில் நீலகிரித் தைலம்! நானும் அப்படி இரண்டு தடவை போய் வந்தவள்தான். இந்த மே மாதம், கூடலூரில் டீச்சராக இருக்கும் என் நாத்தனார் வீட்டில் பத்து நாள் தங்கினேன். "அண்ணி, ஊட்டியைத்தான் பார்த்திருக்கீங்க. இங்கே இருக்கிற ஜனங்களைப் பார்க்க வேண்டாமா?" என்று பிடிவாதமாக இழுத்துக்கொண்டு அலைந்தாள்.

மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோத்துக்கொள்ளும் இடம் நீலகிரி. மேட்டுப்பாளையத்தில் விசிறி தேடுகிற வெயில். பஸ் மேலே ஏற ஏற ஸ்வெட்டர் தேடுகிறோம். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். ஊட்டியைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டும் மழையும் அட்டையும்! ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை சீதோஷ்ணம்.

2011 கணக்கெடுப்பில் மாவட்ட ஜனத்தொகை சுமார் 7 லட்சத்து 35 ஆயிரம். அதில் பழங்குடியினர் 33 ஆயிரத்துக்கும் குறைவு. ஆனால் இந்தக் கொஞ்சம் பேருக்குள்ளேயே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு குடிகள். யார் எந்த உயரத்தில் குடியிருந்தார்கள் என்பதைப் பார்த்தால் அவர்கள் சாப்பாடு, தொழில், ஏன், நோய் நொடி கூடப் புரிந்துவிடுகிறது.

உச்சியில் புல்வெளி. அங்கே எருமை மேய்க்கும் தோடர்கள். அவர்கள் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். பழைய வீடுகள் பாதிப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். பால் கறப்பது, தயிர் கடைவது எல்லாம் அவர்கள் வழக்கப்படி ஆண்கள் வேலை! அடடா, கொடுத்து வைத்தவர்கள் என்று நினைத்தேன். பால்மடத்துக்குள் பெண்கள் நுழையவே கூடாது என்று நாத்தனார் சொன்னதும் என் பொறாமை பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் ஊசியைக் கையில் எடுத்தால் தோடப் பெண்களுக்கு இணையில்லை. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால், டிரேஸ் எடுக்காமல், இழையை எண்ணி எண்ணியே போடுகிறார்கள். இந்தத் தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சால்வை வாங்கினேன். விலையைக் கேட்டு என் கணவர் முகம் போன போக்கு தனிக்கதை.

கோத்தர்கள் ஏழே ஊர்களில் இருக்கிறார்கள். ஆண்கள் கொல்லு வேலையும் வாத்தியமும், பெண்கள் மண்பாண்டமும். கோத்தர் பானையும் கத்தியும் தோடருக்குப் போகும். தோடர் நெய் இவர்களுக்கு வரும். காட்டிலிருந்து குறும்பர் தேன் கொண்டு வருவார்கள். படகர்கள் தானியம் தருவார்கள். காசே புழங்காமல் வெகு காலம் நடந்த ஏற்பாடு இது.

கீழ்ச்சரிவுகளில் சாமையும் ராகியும் விதைத்து வாழ்ந்தவர்கள் இருளர். நான் குடியிருக்கும் நசரத்பேட்டையைச் சுற்றித் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருளர் குடும்பங்கள் உண்டு. பெயர்தான் ஒன்று, மலை இருளர் பேசும் மொழி தனி. முதுமலைக் காட்டில் காட்டுநாயக்கர்கள். ஆஸ்கார் வாங்கிய யானைப் படத்தில் பார்த்தோமே பொம்மன், பெள்ளி தம்பதி, அவர்கள் இந்தக் குடிதான். கூடலூர் பக்கம் நெல்வயலில் தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டு உழைத்தவர்கள் பணியர்.

ஒரு பணியர் வீட்டில்தான் அந்தப் பையனைப் பார்த்தேன். நாலு வயசு. கண்ணில் லேசான மஞ்சள். அம்மா தேயிலை பறிப்பவள்.

"குளிரு வந்தாப் போதும்க்கா, காலைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் அழுவான். ஆறு மாசக் குழந்தையிலேயே கையும் காலும் வீங்கிச்சு. எறும்பு கடிச்சிருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

அரிவாள் செல் சோகை! வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் போல வளைந்து, மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. அதனால்தான் அந்த வலி. இந்தியாவில் இது இருப்பதை முதலில் கண்டறிந்தது இதே நீலகிரியில்தான், 1952-ல். கண்டுபிடித்த லேமன், கட்புஷ் இருவரில் மேரி கட்புஷ் ஒரு பெண்மணி. மலேரியா மலிந்த தாழ்வான காடுகளில் வாழ்ந்த குடிகளிடம் இது அதிகம். உச்சியில் குளிரில் இருந்த தோடரிடம் மிகக் குறைவு. காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும். இந்தக் குறை ஒரு பங்கு மட்டும் உடம்பில் இருந்தால் கொடிய மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றுமாம். காடு கொடுத்த கவசம்தான். ஆனால் தாயிடமிருந்து ஒரு பங்கு, தகப்பனிடமிருந்து ஒரு பங்கு என்று குழந்தைக்கு இரண்டும் சேர்ந்துவிட்டால் நோய்.

தாய் தகப்பன் இருவருக்கும் ஒரு பங்கு இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம். முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அதே நாலில் ஒன்றுதான். நம் வீடுகளில் சோகை என்றால் உடனே இரும்பு டானிக் வாங்குவோம். இந்தச் சோகை இரும்புக் குறைவால் வருவதில்லை. பரிசோதிக்காமல் டானிக் கொடுப்பது தப்பு. நிறையத் தண்ணீர், குளிர் படாத உடை, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டர், ஃபோலிக் அமிலம், தடுப்பூசி, டாக்டர் சொன்னால் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை... இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் குழந்தை பள்ளிக்கூடம் போகலாம், ஓடி விளையாடலாம்.

கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே நர்ஸ் பயிற்சி பெற்று வேலை பார்க்கிறார்கள். தங்கள் மொழியிலேயே விளக்குவதால் ஜனங்கள் பயப்படாமல் ரத்தம் கொடுக்கிறார்கள். மத்திய அரசும் 2023 ஜூலையில் இந்த நோயை 2047-க்குள் ஒழிக்க ஒரு திட்டம் தொடங்கி, பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்கிறது. என்னைக் கேட்டால், ஜாதகத்தோடு இந்த ரத்தச் சீட்டையும் பார்ப்பது நல்லது.

அந்தப் பையனின் சித்திக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். இருவர் ரத்தமும் சோதனைக்குப் போயிருந்தது. "ரெண்டு பேருக்கும் இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அவளே முடிவு பண்ணட்டும்க்கா. நான் பட்டது அவளுக்குத் தெரியும்ல" என்றாள் அக்காக்காரி.

நான் ஊருக்குத் திரும்பிய பிறகு நாத்தனார் போன் செய்தாள். மாப்பிள்ளைக்கு ஒரு பங்கு உண்டாம். பெண்ணுக்கு இல்லை. அதனால் பிறக்கிற குழந்தைக்கு இந்த நோய் வராது என்று நர்ஸ் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். மழைக்காலம் முடிந்ததும் கல்யாணம்.