இணையப் பெயருக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் ஜில்லாக்களில் மஞ்சள்தூள், தேங்காயெண்ணெய், நாட்டுச் சர்க்கரை முதலியவற்றை மண்டிக்கு அனுப்பாமல் வாங்குவோருக்கு நேரே விற்கும் குடியானவர்களும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளும் இக்காலத்தில் பலர் உளர். அதன்பொருட்டு இணையதளம் அமைப்போர் முதற்கண் செய்வது, தளத்துக்கு ஒரு விலாசப் பெயரைப் பதிவு செய்து கொள்வதாகும். இதனை டொமைன் பெயர் என்பர். பதிவு சில நிமிஷங்களில் முடிந்து, ரசீதும் வந்துவிடுகிறது. ஆகவே பெயர் தமக்கே சொந்தமாயிற்று என்று பலர் கருதிவிடுகின்றனர். இக்கருத்து பிழையானது என்பதோடு, பின்னர் பெருநஷ்டத்துக்கும் இடமாகும்.

எவ்வாறெனில், பெயரைப் பதியும் கம்பெனி, அதே பெயரை வேறொருவர் முன்னரே எடுத்திருக்கிறாரா என்பதை மாத்திரமே பார்க்கும். அச்சொல்லில் பிறருக்கு டிரேட் மார்க், அதாவது வர்த்தக முத்திரை உரிமை உண்டா என்று அது விசாரிப்பதில்லை. பூமியை உழுது அனுபவித்து வருவது வேறு, அதில் பாத்தியதை உடைமை வேறு என்பதைக் கிராம அலுவலர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வில்லங்கம் பாராது பூமி வாங்குவோரைப் பார்த்து நகைக்கும் மிராசுதாரரே, பெயர் விஷயத்தில் யாதொன்றும் பாராது பணங்கட்டி விடுகிறார். கம்பெனிப் பதிவாளர் சங்கத்தின் பெயரை ஒப்புக்கொண்டதும், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் கிடைத்ததும் வர்த்தக முத்திரை உரிமையைத் தரமாட்டா.

இந்நாட்டில் இவ்விஷயத்தைத் தெளிவுபடுத்திய வழக்கு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே கம்பெனியினுடையது. அக்கம்பெனி தன் பெயரின் இரு பகுதிகளிலிருந்து எழுத்துகளை எடுத்து 'சிஃபி' என்னும் சொல்லை ஆக்கி, 1999-இல் அச்சொல்லைக் கொண்ட டொமைன் பெயர்களைப் பதிவு செய்தது. பின்னர் வேறொரு கம்பெனி, ஆங்கிலத்தில் ஓர் 'எஃப்' எழுத்தை மட்டும் கூடுதலாகச் சேர்த்து 'சிஃபிநெட்' என்னும் பெயரைப் பயன்படுத்தலாயிற்று. தன்னை நிறுவிய ஐவர் பெயர்களின் முதலெழுத்துகளே அவை என்று அது வாதாடியது. பெங்களூர் சிவில் கோர்ட் தடையுத்தரவு வழங்க, ஹைக்கோர்ட் அதனை மாற்ற, 2004-ஆம் வருஷம் மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் தடையுத்தரவை மீண்டும் நிலைநிறுத்தியது. டொமைன் பெயர் வெறும் விலாசமன்று, வியாபாரத்தை அடையாளங் காட்டும் பெயருமாகும் என்பதும், அது வர்த்தக முத்திரையைப் போன்றே பாதுகாக்கப்படும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். மற்றொன்றும் அதிற் கவனிக்கத்தக்கது. ஒரே முத்திரையை இருவேறு ஊர்களில் இருவேறு சரக்குகளுக்கு இருவர் வைத்திருத்தல் கூடும். இணையத்துக்கோ ஊரெல்லை கிடையாது. பொள்ளாச்சியில் ஒருவர் வைத்த பெயர் டில்லியிலுள்ளவரின் கண்ணிலும் அன்றே படும்.

பிறருடைய பெயருக்கு முன்னோ பின்னோ 'கோவை', 'கொங்கு', 'இந்தியா' என்று ஊர்ப்பெயரையோ நாட்டுப்பெயரையோ ஒட்டிவிட்டால் போதும் என்று எண்ணுவோரும் உண்டு. 'யாஹூ' என்பதுடன் 'இந்தியா'வைச் சேர்த்துத் தளம் நடத்தியவர்களை 1999-லேயே டில்லி ஹைக்கோர்ட் தடுத்துவிட்டது.

ஊர்ப்பெயரிலேயே வேறொரு சிக்கலும் உளது. ஈரோடு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆதலால் வேறு சீமையில் விளைந்த மஞ்சளை அப்பெயர் கொண்ட தளத்தில் விற்பது சட்டவிரோதமாகும். ஈரோட்டிலேயே விளைவிப்பவரும், சென்னை கிண்டியிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளராகத் தம்மைப் பதிந்துகொண்ட பின் அப்பெயரைக் கையாளுவதே உசிதம்.

பெயரைச் சோதிக்கும் வகை கடினமன்று. வர்த்தக முத்திரைப் பதிவகத்தின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். சொல்லை மட்டுமின்றி ஒலியையும் வைத்துத் தேட அங்கு வசதியுண்டு. தமிழர் இந்த ஒலித்தேடலைத் தவறாமற் செய்தல் வேண்டும். 'ழ'கரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் 'இசட்-எச்' என்றும் மற்றொருவர் 'எல்' என்றும் எழுதுவர். 'கொங்கு' என்பதை 'கே'யிலும் தொடங்கலாம், 'சி'யிலும் தொடங்கலாம். எழுத்து வேறாயினும் காதுக்கு ஒன்றாயின் ஆட்சேபணை எழும். சரக்குகள் வகுப்பு வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மஞ்சள்தூள், வெல்லம், அரிசி 30-ஆம் வகுப்பு. சமையல் எண்ணெய் 29. காய்கனி, விதை 31. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 3. பிறர் சரக்குகளையும் திரட்டிக் கடைபோல் விற்பதாயின் 35-ஆம் வகுப்பையும் பார்க்க வேண்டும்.

பதிவேட்டில் இல்லை என்பதால் மட்டும் துணிந்துவிடலாகாது. பல வருஷங்களாகச் சாக்கில் அச்சிட்டு வழங்கிவரும் மண்டிக் குறி பதிவாகாதிருந்தாலும், முந்தி உபயோகித்தவரென்ற உரிமை அவருக்குண்டு. இதே நியாயம் குடியானவருக்கும் அனுகூலமாகும். தம் குறியுள்ள பழைய பில் புத்தகங்களையும் அச்சுக்கூலி ரசீதுகளையும் பத்திரப்படுத்தி வைத்தவருக்கு அவை நல்ல சாட்சியம்.

இனி, எத்தகைய பெயர் நல்லது? சரக்கையும் ஊரையும் மட்டும் கூறும் பெயரால் பெரும்பாலும் வழக்கு வராது, ஆயின் பிறர் அதனைக் கையாளுவதைத் தடுக்கவும் இயலாது. அத்தகைய சொற்களைச் சட்டம் எளிதில் பதிவு செய்வதில்லை. தோட்டத்தின் பழம்பெயரோ, புதிதாய் இணைத்த சொல்லோ மேலானது. பெயர் எவருக்கும் உரியதன்று எனக் கண்டவுடன் முத்திரைக்கும் விண்ணப்பித்தல் வேண்டும். 2017-ஆம் வருஷத்து விதிகளின்படி, தனி நபரும் சிறு தொழில் நிறுவனமும் இணைய வழியே விண்ணப்பித்தால் வகுப்பொன்றுக்கு 4,500 ரூபாய். பதிவு பத்து வருஷங்களுக்குச் செல்லும், பின் புதுப்பிக்கலாம். டொமைன் பெயரோ தளம் அமைத்துக் கொடுத்தவர் பெயரில் இராது, சங்கத்தின் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். தவணை தவறினால் அப்பெயரை வேறெவரும் எடுத்துக்கொள்ளலாம்.

'டாட் இன்' என முடியும் பெயர்களைப் பற்றிய தாவாவை, நிக்சி என்னும் நிறுவனத்தின் விதிப்படி நியமிக்கப்படும் மத்தியஸ்தர் விசாரிக்கிறார். பெயர் பிறர் முத்திரையை ஒத்ததா, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமையுண்டா, தீய எண்ணத்தோடு எடுத்ததா என மூன்றும் ஆராயப்படும். பெயரை ரத்து செய்யவோ முறையிட்டவருக்கு மாற்றவோ அவர் உத்தரவிடலாம். ஆகையால் நோட்டீஸ் வந்தால் வாளாவிராமல் உரிய கெடுவுக்குள் வக்கீல் மூலம் பதிலிறுக்க வேண்டும். "இத்தனை ரூபாய் தந்தால் விட்டுவிடுகிறேன்" என்று அதிக விலை பேசி எழுதுவது மட்டும் கூடவே கூடாது. அக்கடிதமே தீய எண்ணத்துக்குச் சாட்சியமாகிவிடும்.