வலது கிளிக்கை முடக்கினால் படம் பத்திரமா?

படப் பாதுகாப்பு மென்பொருளில் வலைப்பக்க வெளியீட்டு அமைப்பைத் திறந்ததும் பலர் முதலில் டிக் செய்வது வலது கிளிக்கை முடக்கும் வசதியைத்தான். அது தருவது பெரும்பாலும் மனநிம்மதி மட்டுமே. திரையில் படம் தெரிகிறது என்றாலே அதன் கோப்பு பார்ப்பவரின் கணினிக்கு வந்து சேர்ந்துவிட்டது. வலது கிளிக்கைத் தடுப்பது பக்கத்தோடு வரும் சில வரி ஜாவாஸ்கிரிப்ட்; பிரவுசரில் அதை நிறுத்தினால் தடையும் போய்விடும். படத்தைத் துண்டுகளாக வெட்டி அடுக்கிக் காட்டும் முறையும் ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் தோற்றுவிடும்.

ஆகவே, எப்படித் தடுப்பது என்பதைவிட எதை அனுப்புவது என்பதுதான் முக்கியம். 6000 பிக்சல் அகலப் படத்தை, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில், 20 அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். 1200 பிக்சலாகச் சுருக்கி வெளியிட்டால் அதே தரத்தில் 4 அங்குலம்தான் தேறும். செல்பேசியில் பார்க்க அது தாராளம். செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். பெரிதாக்கலாம்தான், ஆனால் அது சேர்க்கும் நுணுக்கம் வெறும் ஊகம், கேமரா பதிந்தது அல்ல. முழு அளவு அசல் உங்களிடம் மட்டும் இருப்பது, உரிமைப் பிரச்சினை வந்தால் வலுவான சான்று. வாட்டர்மார்க் படத்தின் அழகைக் கெடுக்கிறது என்பதும் நியாயமான குறைதான். ஆனால் அதற்காக மூலையில் வைத்தால் ஒரே வெட்டில் போய்விடும். முக்கியப் பகுதியின் மேல் மெல்லியதாகப் படரவிடுவதே சரி. மெட்டாடேட்டாவில் பதிப்புரிமைக் குறிப்பை வைத்துக்கொண்டு, ஜிபிஎஸ் இடக்குறிப்பை நீக்குங்கள். நீக்காவிட்டால், வீட்டில் எடுத்த படம் வீட்டு முகவரியைக் காட்டிக்கொடுக்கும். முழு அளவுக் கோப்பை சர்வரில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.