முத்துப்பிள்ளையும் அதன் பின்னர் வரும் மாதங்களும்

கருப்பையில் குழந்தை உருவாகாமல், நஞ்சாக வளரவேண்டிய திசு மட்டும் நீர்க்கொப்புளங்களாகத் திரண்டு, திராட்சைக் குலைபோலப் பெருகுவதுண்டு. இதனையே நம் பெண்டிர் முத்துப்பிள்ளை என்பர். குழந்தையின் உறுப்புகள் சிறிதும் தோன்றாதது முழு முத்துப்பிள்ளை. ஓரளவு தோன்றுவது பகுதி முத்துப்பிள்ளை. முன்னதில் நிறக்கோல்கள் பெரும்பாலும் தந்தையினின்றே வந்தவையாக இருக்கும். கரு உருவாகும் கணத்திலேயே நேர்ந்துவிடும் இப்பிழைக்குத் தாயின் உழைப்பையோ நடத்தையையோ பழிக்க இடமில்லை.

கருப்பையிலுள்ளதை உறிஞ்சுகருவியால் அகற்றுவதே முதற் சிகிச்சை. ஆயினும் அத்துடன் காரியம் முடிந்துவிடுவதில்லை. உதிரப்போக்கு நின்று உடல் தேறிய பின்னும், எஞ்சிய உயிரணுக்கள் கருப்பைச் சுவரில் ஊன்றி வளரலாம். குருதி வழியே நுரையீரலையும் அடையலாம். முழு முத்துப்பிள்ளைக்குப் பின் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கு இவ்வாறு நேர்கிறது. பகுதி முத்துப்பிள்ளைக்குப் பின் நேர்வது மிகக் குறைவு.

நற்பேறாக, இத்திசு எங்கு ஒளிந்திருப்பினும் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. அது சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோனைக் குருதியில் அளந்தறியலாம். 1956-இல் அமெரிக்காவின் பெதஸ்தா நகரில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் ஆகியோர், இவ்வகைப் புற்று பரவிய பெண்களை மெதோட்ரெக்ஸேட் என்னும் மருந்தால் குணப்படுத்தியதை வெளியிட்டனர். கட்டி மறைந்தாலும் ஹார்மோன் மறையும்வரை மருந்தை நிறுத்தலாகாது என்று லீ வற்புறுத்தினார். பிற்காலம் அதனை மெய்ப்பித்தது. அம்மருந்து தோன்றிய லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சியை நடத்தியவர், பீமவரத்திற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895–1948) என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

ஹார்மோன் இயல்பு நிலைக்கு இறங்கும்வரை வாரந்தோறும் குருதியைச் சோதிக்க வேண்டும். அதன்பின், முழு முத்துப்பிள்ளையாயின் மாதந்தோறும் மூன்று மாதங்களும், பகுதியாயின் ஒரு மாதம் கழித்து ஒரு முறையும் சோதித்தல் போதுமென்பது அண்மைக்கால அனைத்துலக வழிகாட்டு நெறி. ஆறு மாதங்கள் கண்காணிக்கும் மருத்துவமனைகளும் உள. மூன்று வாரங்களில் எடுத்த நான்கு அளவுகள் இறங்காது நின்றாலும், அடுத்தடுத்த வாரங்களில் எடுத்த மூன்று அளவுகள் ஏறிச் சென்றாலும் மருந்து தொடங்கவேண்டிய வேளை வந்ததென்று பொருள். காலத்தே கண்டால், அபாயம் குறைந்த நிலையிலுள்ளோர் அனேகமாக அனைவரும் குணமடைகின்றனர்.

கண்காணிப்பு முடியுமுன் மீண்டும் கருவுறலாகாது. புதிய கர்ப்பமும் இதே ஹார்மோனைச் சுரப்பதால், நோயின் அடையாளம் அதனுள் மறைந்துவிடும். கருத்தடை மாத்திரைகளை உட்கொள்ளலாம். ஆனால் ஹார்மோன் இயல்பாகுமுன் கருப்பையினுள் காப்பர்-டி போன்ற சாதனம் வைத்தல் கூடாது. மீண்டும் உதிரப்போக்கு, இருமலில் குருதி, மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால் தவணை நாளுக்குக் காத்திராமல் மருத்துவரை அணுகவேண்டும்.

குழந்தையை எதிர்நோக்கியிருந்த குடும்பத்திற்கு இக்காத்திருப்பு கடினமானதே. எனினும் அடுத்த கர்ப்பத்தில் முத்துப்பிள்ளை மீள்வது நூற்றில் ஒருவருக்கே. ஏனையோர்க்கு அவ்வச்சம் வேண்டுவதில்லை. அப்பொழுது தொடக்கத்திலேயே ஸ்கேன் செய்துகொள்ளல் நலம். உடல் நலமாயிருக்கிறதே என்று எண்ணிச் சோதனையைக் கைவிடாதிருத்தலே, தாய்க்கும் பின்னர்ப் பிறக்கவிருக்கும் குழந்தைக்கும் குடும்பத்தார் அளிக்கக்கூடிய பெருங்காப்பாகும்.