காணிப் பத்திரம்: மூலம் உங்களிடம், பிரதி பிறரிடம்

2008–2009 இடப்பெயர்வுகளில் வன்னி மக்கள் பலர் காணி உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் இழந்தார்கள். பதிவு செய்த உறுதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெறலாம். அரச காணி அனுமதிப்பத்திரத்தின் விபரத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். அங்கும் பதிவேடு அழிந்திருந்தால், உங்கள் கையிலுள்ள பத்திரமே சாட்சி.

ஆகவே சங்கமோ தொண்டு நிறுவனமோ கேட்டால் மூலத்தைக் காட்டி, பிரதியை மட்டும் கொடுங்கள். ஒப்பிட்டுப் பார்த்ததும் மூலத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள். பிரதியின் குறுக்கே ‘வீட்டுத்திட்ட விண்ணப்பத்திற்கு மட்டும்’ என்று எழுதித் திகதியிடுங்கள். யாருக்கு, எதற்காக, எப்போது கொடுத்தீர்கள் என்பதை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

கைத்தொலைபேசியில் படமாக அனுப்பினாலும் இதுவே ஒழுங்கு: உரியவருக்கு மட்டும் அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள். இன்னொரு பிரதி வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடம் இருக்கட்டும். எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால், பெட்டியோடு காணியின் சாட்சியும் போய்விடும்.