அண்மை விண்மீனின் தொலைவு

வைகாசித் திங்களின் இறுதியிலோ ஆனித் திங்களின் தொடக்கத்திலோ, முகில் இல்லாத ஓர் இரவில், ஒன்பது மணியளவில் தெற்கு நோக்கி நின்று பாருங்கள். அடிவானத்திற்குச் சற்று மேலே, ஒளிமிக்க விண்மீன்கள் இரண்டு அருகருகே காணப்படும். அவற்றிற்கு வலப்புறத்தில், நம்மவர் திரிசங்கு என வழங்கும் சிலுவை வடிவான கூட்டம் சற்றுச் சாய்ந்து நிற்கும். அவ்விரண்டு விண்மீன்களுள் இடப்புறத்தில் இருப்பது ஆல்பா செண்டாரி. வலப்புறத்தில் இருப்பது பீட்டா செண்டாரி.

கண்ணுக்கு இவ்விரண்டும் உடன்பிறந்தார் போலவே தோன்றும். ஆனால், முன்னது நம்மிடமிருந்து 4.37 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. பின்னதோ ஏறத்தாழ 390 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் செல்லும் தொலைவு. ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்லும். எனவே ஓர் ஒளியாண்டு சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர் ஆகும்.

இதனைக் கேட்டவுடன் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அங்கே எவரும் சென்றதில்லை; அளவுகோலும் எட்டாது. இத்தொலைவை எவ்வாறு கண்டீர்கள்?" என்று வினவுவாராயின், அவரே அறிவியலின் வாயிலை அடைந்தவர் ஆவார். அவ்வினாவிற்கு விடை காண்போம்.

உங்கள் கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். முதலில் ஒரு கண்ணாலும், பின்னர் அதனை மூடி மற்றொரு கண்ணாலும் விரலை நோக்குங்கள். எதிரே உள்ள சுவரின்மீது விரல் இடம் பெயர்வதாகத் தோன்றும். விரல் அசையவில்லை, பார்க்கும் இடமே மாறியது. விரலை முகத்திற்கு அருகே கொணர்ந்தால் பெயர்ச்சி மிகும், விலக்கினால் குறையும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். இரு கண்களுக்கும் உள்ள இடைவெளியும், பெயர்ச்சியின் கோணமும் தெரிந்தால், விரலின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம்.

விண்மீனை அளக்க நம் கண்களின் இடைவெளி போதாது. பூமி சூரியனை 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் சுற்றி வருகிறது அல்லவா? இன்று நாம் இருக்கும் இடத்திற்கும், ஆறு திங்கள் கழித்து இருக்கப்போகும் இடத்திற்கும் இடையே 30 கோடி கிலோமீட்டர் உள்ளது. இவ்விரண்டு இடங்களையும் இரு கண்களாகக் கொண்டு நோக்கினால், அண்மையில் உள்ள விண்மீன், சேய்மையில் உள்ள மீன்களுக்கிடையே சிறிது இடம் பெயர்ந்து காணப்படல் வேண்டும்.

இங்கேதான் ஒரு பெரும் வழக்கு எழுந்தது. 1543ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், பூமியே சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்நிக்கஸ் உரைத்தார். "அவ்வாறாயின் விண்மீன்கள் இடம் பெயர்ந்து தோன்றவேண்டுமே, ஏன் தோன்றவில்லை?" என்பது எதிர்ப்பாளரின் வினா. டைக்கோ பிராஹி போன்ற கூர்ந்த நோக்கினரும் அப்பெயர்ச்சியைக் கண்டாரில்லை. விண்மீன்கள் எண்ணற்கரிய தொலைவில் இருப்பதால்தான் அது தெரியவில்லை என்பது ஆதரித்தோரின் விடை. பூமியின் இயக்கத்தை வேறு சான்றுகள் கொண்டு அறிஞர் ஏற்றுக்கொண்ட பின்னரும், அந்தப் பழைய வினாவிற்கு நேரான விடை கிடைக்கவில்லை.

அது எளிதில் கிடைக்கக் கூடியதும் அன்று. ஒரு பாகையை 3,600 பங்காக வகுத்தால் ஒரு பங்கு ஒரு விகலை. ஆல்பா செண்டாரியின் இடமாறு தோற்றக் கோணம், அதாவது முழுப் பெயர்ச்சியில் பாதி, முக்கால் விகலை அளவே. இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள நாணயம் ஒன்றை ஏறத்தாழ 7 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்தால், அதன் அகலம் நம் கண்ணில் அடக்கும் கோணம் அதுவே!

தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இருந்த வானாய்வுக்கூடத்தில், தாமஸ் ஹெண்டர்சன் என்பார் 1832, 1833ஆம் ஆண்டுகளில் இம்மீனை அளந்தார். ஆயினும் தம் கணக்கில் பிழை இருக்குமோ என்று ஐயுற்று, அதனை உடனே வெளியிடாது வைத்திருந்தார். இதனிடையே, 1838ஆம் ஆண்டில், ஜெர்மானிய அறிஞரான பெஸ்ஸல், 61 சிக்னி என்னும் விண்மீனின் தொலைவை அறிவித்துவிட்டார். ஹெண்டர்சனின் முடிவு 1839ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. முதற்புகழ் பெஸ்ஸலுக்குச் சென்றது. ஹெண்டர்சன் கண்ட கோணம் உண்மையைவிட மிகுதி என்பதும் பின்னர்த் தெரிந்தது. அவர் ஐயுற்றது பிழையன்று. அந்த ஐயத்திற்கு அவர் விலையும் கொடுத்தார்.

இவ்விண்மீனுக்கும் நம் நாட்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1689ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில், புதுச்சேரியில் தங்கியிருந்த ழான் ரிஷோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், வால்வெள்ளி ஒன்றைத் தொலைநோக்கியால் ஆராய்ந்து கொண்டிருந்தார். அப்பொழுது, ஒன்றாகத் தோன்றும் ஆல்பா செண்டாரி உண்மையில் இரட்டை மீன் என்று கண்டார். அவ்விரண்டும் சுமார் 80 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. மூன்றாவது துணை ஒன்றும் உண்டென 1915ஆம் ஆண்டில் ராபர்ட் இன்னஸ் கண்டறிந்தார். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அச்சிறிய செந்நிற மீனே, சூரியனை விடுத்தால், நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீன். 4.24 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அதன் பெயர் பிராக்சிமா செண்டாரி. அதனைச் சுற்றும் கோள் ஒன்று இருப்பது 2016ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

அண்மை என்றோம், அது எத்தகைய அண்மை? 1977ஆம் ஆண்டில் செலுத்தப்பெற்ற வாயேஜர் 1 என்னும் விண்கலம், நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அவ்வேகத்தில் அத்தொலைவைக் கடக்க 75,000 ஆண்டுகள் அளவு ஆகும்.

2013ஆம் ஆண்டில் ஏவப்பெற்ற கையா என்னும் விண்கலம், 100 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடமாறு தோற்றத்தை அளந்து தந்துள்ளது. கருவி புதியது, முறையோ, நீங்கள் கட்டைவிரலை நீட்டிக் கண்ட அதே முறைதான்.

இனி ஆல்பா செண்டாரியைக் காணும்பொழுது ஒன்றை எண்ணிப் பாருங்கள். இன்று உங்கள் கண்ணில் படும் அதன் ஒளி, நான்கு ஆண்டுகளுக்கும் நான்கு திங்களுக்கும் முன்னர்ப் புறப்பட்டது. அன்று நீங்கள் எந்த வகுப்பில் பயின்றீர்கள்? அன்றுமுதல் இன்றுவரை நீங்கள் கற்ற பாடங்கள் அனைத்தையும் கற்றுக்கொண்டிருந்த காலம் முழுவதும், அந்த ஒளி உங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது.